மருந்துக்கு அஞ்சாத கிருமிகள்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

காய்ச்சல் வந்தால் நாம் முதலில் எங்கே ஓடுகிறோம்? மருத்துவமனைக்கு என்று சொன்னால் அது பரீட்சைக்கு எழுதும் விடை. உண்மையான விடை தெருமுனை மருந்துக்கடை என்பதே. அங்கே நடக்கும் உரையாடலைக் கேட்காதவர் நம்மில் எவர்? “அண்ணே, பிள்ளைக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், தொண்டை வலி. ஏதாவது மாத்திரை கொடுங்க” என்பார் ஒரு தாய். கடைக்காரர் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். பிள்ளையின் வயதைக்கூடச் சில நேரம் கேட்கமாட்டார். ஆனால் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “எத்தனை வேளைக்கும்மா?”

அந்தத் தாய் கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்து, “ரெண்டு வேளைக்குப் போதும்” என்பார். கத்தரிக்கோல் அட்டையை வெட்டும். மருந்தின் பெயர், காலாவதியாகும் தேதி, முதுகில் அச்சிட்ட சிவப்புக் கோடு எல்லாம் பெரும்பாலும் கடையில் தங்கிவிடும் மறுபாதியோடு போய்விடும். ஒரு சிறு காகித உறையில் மூன்று நிற மாத்திரைகள் வீடு வந்து சேரும். அவற்றில் எது காய்ச்சலைத் தணிப்பது, எது கிருமியைக் கொல்வது என்பது கொடுத்தவருக்குத் தெரியும், விழுங்குகிறவருக்குத் தெரியாது.

அந்த இரண்டு வேளை மாத்திரையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். இது சிறிய விஷயம் என்று தோழியர் எண்ண வேண்டாம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அத்தகைய கிருமிகள் ஏதேனும் ஒரு வகையில் தொடர்புடைய மரணங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 49 லட்சத்து 50 ஆயிரம். போர் நடந்தால் செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வருகிறது. இதுவோ சத்தமில்லாமல் நடக்கிறது.

பென்சிலின் கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 1928இல் லண்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் அலெக்சாண்டர் பிளெமிங் என்பவர், தம் ஆய்வுத் தட்டில் படர்ந்த பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் மடிந்திருக்கக் கண்டார். பாடம் அத்துடன் முடிந்துவிடுகிறது. நான் சொல்ல நினைப்பது அதற்கு அப்பால் நடந்தது. ஆக்ஸ்போர்டு நகரில் பிளோரி, செயின் முதலியோர் அதை மருந்தாக்க அரும்பாடு பட்டனர். 1941 பிப்ரவரியில் அதை ஒரு காவலருக்குச் செலுத்தினார்கள். கிருமி முகமெல்லாம் பரவி அவருடைய ஒரு கண்ணையே பறித்திருந்தது. மருந்து சென்ற சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது. அவர் எழுந்து உணவு உண்ணலானார். ஆனால் உலகத்தில் அன்றிருந்த பென்சிலினே அவ்வளவுதான்! அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே செலுத்தினார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் மாதம் அவர் இறந்தார்.

சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைத்த அந்த மருந்தின் வழிவந்தவற்றைத்தான் நாம் இன்று மூக்கு ஒழுகினாலும் தும்மல் வந்தாலும் விழுங்குகிறோம். சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. வைரஸை இம்மருந்துகள் ஒன்றும் செய்யா. நாலைந்து நாளில் தானாக இறங்கும் காய்ச்சல் தானாகவே இறங்குகிறது. பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகிறது!

1945இல் நோபல் பரிசு பெற்றபோது பிளெமிங் ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு மனிதனுக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறான். கிருமிகள் சாகவில்லை; மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கின்றன. அவை அவன் மனைவிக்குத் தொற்றுகின்றன. அவளுக்கு நிமோனியா வருகிறது, பென்சிலின் பலிக்கவில்லை, அவள் இறக்கிறாள். மருந்தைக் கண்டவரே, அது கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் முன்பே, இவ்வளவு தெளிவாக எச்சரித்துவிட்டார். இக்கதையில் என் மனத்தைத் தைத்தது வேறொன்று. தவறு செய்தவன் பிழைத்துக்கொண்டான். மாத்திரையைத் தொடாதவள் மாண்டாள். “என் உடம்பு, என் பணம், நான் எந்த மாத்திரையைத் தின்றால் உனக்கென்ன?” என்று கேட்பவருக்கு இதுவே என் பதில்.

“அந்த மாத்திரை என் உடம்புக்குப் பழகிவிட்டது, அதனால் கேட்பதில்லை” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பழகியது உடம்புக்கு அன்று, கிருமிக்கு. நம் குடலில் வாழும் ஈ-கோலை என்னும் கிருமி, நல்ல உணவும் சூடும் கிடைத்தால் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்! இதே வேகத்தில் சென்றால் பத்து மணி நேரத்தில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகிவிடும். அத்தனை கோடியில் ஒன்றிரண்டு, பிறவியிலேயே சற்று மாறுபட்டு, மருந்தைத் தாங்கும் திறன் பெற்றிருக்கக்கூடும். மருந்து மற்றவற்றைக் கொன்று இடத்தைக் காலி செய்து தருகிறது. தாங்கியது பெருகுகிறது. அதோடு நிற்பதில்லை. பரீட்சைக் கூடத்தில் விடைத்தாளைப் பக்கத்து மேசைக்கு நீட்டுவது போல, இந்தக் கிருமி தன் வித்தையை வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். அங்கே கண்காணிப்பாளரும் இல்லை!

இந்தப் போட்டியில் கிருமிகளே முந்துகின்றன. பென்சிலினுக்கு அடங்காத கிருமிகளுக்காக மெத்திசிலின் என்ற மருந்து 1960 வாக்கில் வந்தது. அதற்கும் அடங்காத கிருமியை இங்கிலாந்தில் 1961இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். முன்போலப் புதுவகை மருந்துகளும் அடிக்கடி வருவதில்லை. சர்க்கரை நோய்க்கான மருந்தை ஆயுள் முழுதும் வாங்குவார்கள். கிருமிக்கான மருந்தை ஒரு வாரம்தான் வாங்குவார்கள். அதையும் சிக்கனமாகப் பயன்படுத்து என்றால் எந்தக் கம்பெனி கோடி கோடியாகக் கொட்டி ஆராய்ச்சி செய்யும்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2008இல் சுவீடன் நாட்டில் ஒரு நோயாளியிடம் புதுமையான கிருமி ஒன்றைக் கண்டார்கள். அவர் அதற்கு முன் புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்தவர். மற்றவை பலிக்காதபோது மருத்துவர்கள் கையிலெடுக்கும் கார்பாபெனம் என்ற உயர்ந்த மருந்தையே வெட்டிப்போடும் ஒரு நொதி அக்கிருமியிடம் இருந்தது. அதற்கு ‘என்.டி.எம்.-1’ என்று பெயரிட்டார்கள். அதிலுள்ள முதல் இரண்டு எழுத்துகளும் நம் தலைநகரத்தின் பெயர்! 2010இல் இதைப் பற்றி வெளிவந்த பெரிய ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தமிழர் என்பதும், சென்னையில் எடுத்த மாதிரிகளில் 44இல் அது காணப்பட்டது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

உடனே நாட்டில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. ‘எங்கள் நகரத்தின் பெயரை எப்படி வைக்கலாம்? மலிவான சிகிச்சைக்காக இந்தியா வருகிறவர்களைத் தடுக்கும் சூழ்ச்சி அல்லவா இது?’ என்றெல்லாம் பேசினார்கள். அந்தக் கோபம் முற்றிலும் நியாயமற்றது என்று நான் கூறமாட்டேன். புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயரைச் சூட்டலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனமே 2015இல் வழிமுறை வகுத்தது. எனினும் பெயரைப் பற்றிச் சண்டையிட்ட அளவுக்குப் பொருளைப் பற்றிக் கவலைப்பட்டோமா? 2011இல் வந்த இன்னோர் ஆய்வில், தில்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும் அதே நொதிக்குரிய மரபணு இருந்தது. குடிநீரில்! பெயரை மாற்றிவிட்டால் குழாய்நீர் தூய்மையாகிவிடுமா?

நம் மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்டில் பல மருத்துவச் சங்கத்தினர் சென்னையில் கூடி, நடைமுறைக்கு ஒத்த திட்டம் ஒன்றை வகுத்தார்கள். அதற்குச் ‘சென்னைப் பிரகடனம்’ என்றே பெயர். அவமானப் பெயரைப் பற்றி அறிந்தவர்கள் இந்தப் பெருமைப் பெயரையும் அறிய வேண்டாமா? பின்னர் 2014 மார்ச் 1 முதல் ‘எச்-1 அட்டவணை’ என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதில் முதலில் சேர்த்த 46 மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனி ஏட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2016இல், சிவப்புக் கோடு உள்ள மருந்தைத் தானாக வாங்காதீர்கள் என்ற பிரசாரத்தையும் மத்திய அரசு தொடங்கியது. அந்தக் கோட்டைத்தான் கத்தரிக்கோல் வெட்டுகிறது என்று முன்பே சொன்னேன்.

சட்டம் இருக்கிறது, ஏன் நடக்கவில்லை? மக்களுக்கு அறிவில்லை என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூலி வேலை செய்யும் ஒரு பெண், காலையில் அரசு மருத்துவமனைக்குச் சென்று வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. மருந்து அங்கே இலவசம்தான். ஆனால் அந்த ஒரு நாள் இலவசமன்று. வேலை முடிந்து அவர் வரும் மாலை நேரத்தில் பல ஊர்களில் விளக்கெரிவது மருந்துக்கடையில் மட்டுமே. கடைக்காரர் பெயர் சொல்லி அழைக்கிறார், கடனும் தருகிறார். அந்தக் கதவையும் சட்டம் போட்டுச் சாத்திவிட்டு, வேறு கதவைத் திறக்காவிட்டால் அது நியாயமாகுமா? வேண்டிய நேரத்தில் இம்மருந்து கிடைக்காமல் இறக்கும் குழந்தைகளும் இவ்வுலகில் இருக்கின்றனர். ஆகவே ‘தடை செய்’ என்ற ஒரு சொல்லால் தீரும் காரியமன்று இது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை வேளையிலும் மருத்துவர் இருக்கட்டும். பிறகு கடைக்காரரை அதட்டலாம்.

ஏழைகள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடமாட்டார்கள் என்ற எண்ணத்தை உடைத்ததும் நம் சென்னையே. காசநோய்க்கு 1940களில் ஸ்டிரெப்டோமைசின் ஊசி வந்தபோது, முதலில் தேறிய நோயாளிகள் பலர் மீண்டும் படுத்தனர்; ஒற்றை மருந்தைக் கிருமி வென்றுவிட்டது. அதனால் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து, நீண்ட காலம் கொடுக்க வேண்டியதாயிற்று. சானடோரியத்தில் படுக்கை கிடைத்தவர் சிலர், கிடைக்காதவரோ லட்சக்கணக்கானோர். 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மறுபாதியினரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஓராண்டு சிகிச்சை அளித்தார்கள். இடநெருக்கடி மிகுந்த வீடுகள், உணவோ போதாது. எனினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தினருக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றிற்று. வீட்டுக்கே சென்று, மருந்து சாப்பிட்டாரா என்று விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள், அதனால்தான் வெற்றி. திட்டவில்லை, தேடிச் சென்றார்கள்.

காசநோயில் மருந்தை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பலர் அனுபவத்தில் கண்டிருப்பார்கள். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பெல்லாம் ஒன்றரை ஆண்டுக்கு மேல். ஊசிகளால் காது கேளாமற்போனவரும் உண்டு. ஆறு மாதத்தில் முடியும் புதிய முறைக்கு 2024இல்தான் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. எல்லா நோய்க்கும் நீண்ட நாள் மருந்துதான் நல்லது என்று எண்ணிவிடக்கூடாது. பல சாதாரணத் தொற்றுகளுக்குக் குறைந்த நாட்களே போதும் என்று இப்போது மருத்துவர்களே கூறுகின்றனர். எத்தனை நாள் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்; நம் கைக்காசோ, நம் சோம்பேறித்தனமோ அல்ல.

ஏழைகளைப் பற்றிச் சொன்னேன். வசதியுள்ள நம் வீடுகள் எப்படி? பெற்றோர்கள் கோபிக்கக் கூடாது. பணமும் இருக்கிறது, மருத்துவரும் இருக்கிறார், படிப்பும் இருக்கிறது. ஆனால் பிரிட்ஜின் கதவில் போன முறை மிஞ்சிய மாத்திரைகளும் இருக்கின்றன. அக்காவுக்குக் கொடுத்தது தங்கைக்கு, தங்கைக்குக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்கு! மருத்துவர் நாடி பார்த்து, “இது சாதாரணச் சளி, நிறைய வெந்நீர் குடித்து ஓய்வெடுத்தால் போதும்” என்று அனுப்பினால் நம் அம்மாக்களுக்கு மனம் ஆறுவதில்லை. “ஒரு ஊசியாவது போடுங்க டாக்டர், நாளைக்குப் பரீட்சை” என்று கெஞ்சுவார்கள். போடாத மருத்துவரைக் ‘கைராசி இல்லாதவர்’ என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குச் செல்வார்கள். கேட்டதைக் கொடுப்பவரே ராசியான டாக்டர் என்றால், வேண்டாம் என்று சொல்லும் நேர்மை எப்படிப் பிழைக்கும்? விடுதியில் இருக்கும் தோழியரும் இதற்கு விலக்கல்ல. ஊறுகாயைப் பங்கிடுவது போல் மாத்திரையைப் பங்கிடுகிறார்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தியின் காதுவலிக்கு எழுதிய மருந்து இன்னொருத்தியின் தொண்டைக்கு எப்படிப் பொருந்தும்?

மனிதர் மட்டுமா? கோழிகள் விரைவில் கொழுக்கட்டும் என்று தீவனத்திலேயே இத்தகைய மருந்துகளைக் கலக்கும் பழக்கமும் உண்டு. மனிதருக்கு வேறு மருந்து பலிக்காதபோது கடைசியாகத் தரும் கொலிஸ்டினைக்கூடக் கோழிக்குக் கொடுத்துவந்தார்கள். 2019இல் இந்திய அரசு அதைத் தடை செய்தது. நல்ல காரியம்.

பெண்பிள்ளைகளாகிய நாம் இதில் அக்கறை கொள்ளத் தனிக் காரணம் உண்டு. கிருமிக்கொல்லி மருந்துகள் வருமுன் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார் எத்தனை எத்தனையோ! நம் வகுப்பில் அறுவை சிகிச்சையால் பிறந்தவர்களைக் கை தூக்கச் சொன்னால் பாதிக் கைகளாவது உயரும் என்று நினைக்கிறேன். அந்தத் தாய்மார் யாவரும் தையல் போட்ட சில நாட்களில் எழுந்து நடந்தது இம்மருந்துகளின் துணையால். குறைமாதக் குழந்தைக்கு, புற்றுநோய்ச் சிகிச்சையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை இழந்தவருக்கு, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கு எல்லாம் இவையே காவல். தெருமுனையில் இரண்டு வேளைக்கு வாங்கும் மாத்திரையால் கிருமி பழகிக்கொண்டால், அதன் விலையை மருத்துவமனைத் தொட்டிலில் கிடக்கும் அந்தக் குழந்தை கொடுக்கிறது.

இது குறித்து எனக்குச் சில எண்ணங்கள் உண்டு. அறிவியல் புத்தகத்தில் பிளெமிங்கின் கண்டுபிடிப்பைச் சொல்லுமிடத்தில் அவருடைய எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். வெட்டிக் கொடுத்தாலும் பெயரும் தேதியும் சிவப்புக் கோடும் ஒவ்வொரு மாத்திரையின் பின்னாலும் தெரியும்படி அட்டைகளை அச்சிட வேண்டும். இது கம்பெனிகளுக்குப் பெரிய செலவன்று. மருத்துவரிடம் செல்லும்போது, “டாக்டர், இது வைரஸ் காய்ச்சலா? கிருமி மருந்து அவசியமா?” என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதால் எந்த மருத்துவரும் கோபிக்கமாட்டார். கோபித்தால் அவரிடம் இன்னொரு முறை போக வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும், தடுப்பூசியைத் தவறவிடாமல் போட்டுக்கொள்வதையும் சிறுபிள்ளைப் பாடம் என்று நாம் சிரிக்கிறோம். நோயே வராவிட்டால் மாத்திரைக்கு என்ன வேலை?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 18 முதல் 24 வரை உலகெங்கும் இதற்கென விழிப்புணர்வு வாரம் நடைபெறுகிறது. அவ்வாரத்தில் நம் பள்ளியைச் சுற்றியுள்ள மருந்துக்கடைகளுக்குச் சென்று, சிவப்புக் கோட்டின் பொருளை எழுதிய அட்டை ஒன்றை ஒவ்வொரு கடையிலும் தொங்கவிடக் கேட்கலாம் என்று எங்கள் வகுப்பில் பேசியிருக்கிறோம். தலைமையாசிரியை சிஸ்டர் இசைந்துவிட்டார்கள். ஆனால் கடைக்காரர்களிடம் சண்டைக்குப் போவதுபோல் போகக்கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் படம் வரைந்து தர முன்வந்துள்ளனர். கனத்த அட்டையும் சிவப்பு வர்ணமும் வாங்கப் பணம் இன்னும் சேரவில்லை. மனமுள்ள பெற்றோர் எங்கள் வகுப்பாசிரியையிடம் தரலாம்.